மதம் யாருடைய கருவி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், இடைக்காலச் சீனத்தின் பௌத்தத் துறவுப் பெண்கள் பற்றி இருபது நிமிடம் பேசினேன். என் முனைவர் பட்ட ஆய்வு மணிமேகலையைப் பற்றியது. பௌத்தத் துறவில் பெண்ணுக்கு என்ன இடம் என்று தேடப் போனவள், சீனம் வரை போய்ச் சேர்ந்தேன். எனக்குச் சீனமொழி தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளும் ஆய்வு நூல்களுமே என் வழி. பேச்சின் நடுவில், சீன வரலாற்றில் தன் பெயரிலேயே அரியணையேறி ஆண்ட ஒரே பெண்ணான வூ ட்செத்தியனைக் குறிப்பிட்டேன். அமர்வுக்குத் தலைமை தாங்கிய மூத்த பேராசிரியர் முடிப்புரையில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா சாஸ்திரத்தையே திரிச்சு, சாமியாருங்களக் கையில போட்டுக்கிட்டு ஆட்சியப் பிடிச்சவங்க. ஒரு பொம்பள கையில மதம் கிடைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு அவங்களவிட நல்ல உதாரணம் கிடையாது."

அரங்கு சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். மறுப்புச் சொல்ல நேரமில்லை என்று ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு முதுகலை மாணவி வந்து, "மேடம், அவர் சொன்னது உண்மையா?" என்று கேட்டாள். "பாதி உண்மை" என்றேன். மீதியைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த மீதிதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி. மதத்தைக் கருவியாக்காத பேரரசர் ஒருவரையாவது அந்தப் பேராசிரியரால் காட்ட முடியுமா?

ஆறாம் நூற்றாண்டின் லியாங் பேரரசர் வூ, தன்னையே ஒரு பௌத்த மடாலயத்துக்கு அடிமையாகக் கொடுத்தார். அமைச்சர்கள் பெரும்பணம் கட்டி அவரை மீட்டார்கள். இது ஒரு முறையல்ல, பல முறை நடந்தது. மடாலயம் செழித்தது, அரசரின் புண்ணியமும் பெருகியது. சுயி வம்சத்தை நிறுவிய பேரரசர் வென், 601ஆம் ஆண்டில் புத்தரின் நினைவெச்சங்களை முப்பது மாநிலங்களுக்கு அனுப்பித் தூபிகள் எழுப்பச் செய்தார். புதிதாக ஒட்டிய நாட்டை அந்தத் தூபிகளால் தைத்தார். அடுத்து வந்த தாங் வம்சத்தின் குடும்பப் பெயர் லீ. தாவோ மதத்தின் முதல்வர் லாவோட்சுவின் குடும்பப் பெயரும் லீ. அவரே எங்கள் மூதாதை என்று அறிவித்துக்கொண்டார்கள். இந்த உறவை வைத்தே 637இல் பேரரசர் தாய்ட்சொங், அரசு விழாக்களில் தாவோ துறவிகள் பௌத்தத் துறவிகளுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பின்னால் வந்த சுவான்ட்சொங் மாநிலந்தோறும் லாவோட்சுவுக்குக் கோயில் எழுப்பினார். தாவோ நூல்களில் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வரும் வழியையும் 741இல் திறந்துவிட்டார்.

இவர்களை வரலாறு என்ன சொல்லி அழைக்கிறது? பக்திமான், நிறுவனர், கலைகளின் புரவலர். இதையே வூ செய்தபோது அது தந்திரம் ஆகிவிட்டது.

தாங் அரசில் மதம் தனியே ஒதுங்கி நின்ற ஒன்றல்ல. துறவு மேற்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். துறவிகள் பதிவேட்டில் இருந்தார்கள். துறவிக்கு வரி இல்லை, கட்டாய உழைப்பு இல்லை. ஆகவே ஒவ்வொரு மொட்டைத் தலையும் அரசுக்கு ஒரு கணக்கு. கருவூலம் வற்றியபோது கணக்கு திருப்பிப் போடப்பட்டது. 845இல் பேரரசர் வூட்சொங் 4,600 மடாலயங்களையும் 40,000க்கும் மேற்பட்ட சிறு வழிபாட்டிடங்களையும் மூடச் செய்தார். 2,60,500 துறவிகளும் துறவுப் பெண்களும் சீவரம் களைந்து வரிப் பட்டியலுக்குத் திரும்பினார்கள். அரசு வேண்டும்போது மதத்தை ஊட்டி வளர்த்தது, வேண்டாதபோது கறந்து விற்றது. அந்த மாட்டை வூ வாங்கி வரவில்லை. அவர் வந்தபோதே அது தொழுவத்தில் நின்றது.

இந்த ஏற்பாட்டில் பெண்ணுக்கு எந்த இடம் தரப்பட்டது என்று பார்ப்போம்.

வூ 624இல் பிறந்தவர். பதின்வயதில் தாய்ட்சொங்கின் அரண்மனைக்குள் ஐந்தாம் படிநிலைத் துணைவியாக நுழைந்தார். 649இல் அரசர் இறந்தார். இறந்த அரசருக்குப் பிள்ளை பெறாத துணைவிகள் தலை மழித்து மடத்துக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். வூவும் போனார். அரசர் தொட்ட உடலை இன்னொருவர் தொடாதபடி பூட்டி வைக்கும் பெட்டியாகத் துறவு பயன்பட்டது. ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு சாவியும் இருந்தது, அது அடுத்த அரசரிடம் இருந்தது. தாய்ட்சொங்கின் மகன் காவோட்சொங் விரும்பினார், மடத்திலிருந்த வூ அரண்மனைக்குத் திரும்பினார். 655இல் பட்டத்தரசி ஆனார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, இதே தந்திரத்தைச் சுவான்ட்சொங் செய்தார். அவருக்குப் பிடித்துப்போன யாங் யுஹுவான், அவருடைய சொந்த மகனின் மனைவி. நேராக எடுத்துக்கொண்டால் அசிங்கம். எனவே அந்தப் பெண்ணைத் தாவோ துறவினி ஆக்கினார்கள். அரசரின் இறந்த தாய்க்காகப் பிரார்த்திக்கப் போகிறாள் என்று காரணம் சொன்னார்கள். சில ஆண்டுகள் துறவுப் பெயரில் இருந்தபின், 745இல் அவர் அரசரின் முதன்மைத் துணைவியானார். மாமனார் என்ற உறவைத் துறவு ஆடை துடைத்துவிட்டது. 756இல் கலகம் வந்தபோது, நாட்டைக் கெடுத்தவள் என்று அவரையே கழுத்தை நெரித்துக் கொல்ல வைத்தார்கள். இதைக் கவிஞர்கள் காதல் கதையாகப் பாடினார்கள். மதத்தைக் கருவியாக்கியதற்கு உதாரணமாகச் சுவான்ட்சொங்கின் பெயரைச் சொல்லி எந்த அரங்கும் சிரித்து நான் கேட்டதில்லை.

இனி 'திரித்தல்' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

690இல் வூ தாங் வம்சத்தை நிறுத்திவிட்டு, சோவ் என்ற தன் வம்சத்தை அறிவித்தார். அதற்குச் சற்று முன், மகாமேக சூத்திரம் என்ற பௌத்த நூலுக்கு எழுதப்பட்ட ஒரு விளக்கவுரையைத் துறவிகள் அவரிடம் அளித்தார்கள். ஒரு தேவகன்னி பெண்ணரசியாகப் பிறந்து ஆள்வாள் என்று அந்தச் சூத்திரம் சொல்கிறது. அந்த அரசி நீங்களே என்று விளக்கவுரை சொன்னது. மாநிலந்தோறும் மகாமேக மடாலயம் அமைக்க ஆணை பிறந்தது. 945இல் முடிக்கப்பட்ட பழைய தாங் வரலாறு, பத்துத் துறவிகள் சேர்ந்து இந்தச் சூத்திரத்தையே போலியாக எழுதினார்கள் என்கிறது. நூற்றாண்டுகள் கடந்தும் அதுவே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. நம் பேராசிரியர் சொன்னதும் அதன் எதிரொலிதான்.

ஆனால் அந்தச் சூத்திரம் போலி அல்ல. வூ பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தர்மக்ஷேமர் அதைச் சீனத்தில் மொழிபெயர்த்துவிட்டார். 1900இல் துன்ஹுவாங் குகையில் கிடைத்த ஏடுகளுக்குள் அந்த விளக்கவுரையும் இருந்தது. வூவின் துறவிகள் புதிதாக எழுதியது விளக்கவுரையை மட்டுமே என்பது அதன் பிறகு தெளிவானது. ஒரு பெண் அரியணை ஏறுவாள் என்று பழைய நூல் ஒன்று சொல்லியிருக்கக்கூடும் என்பதையே அந்த வரலாற்றாசிரியர்களால் நம்ப முடியவில்லை. அதனால்தான் அதைப் போலி என்றார்கள்.

நமக்கு இதில் இன்னும் ஒரு நெருக்கமான செய்தி உண்டு. தந்தைக்குப் பின் நாட்டை ஆளப்போகும் இளவரசியை அந்தச் சூத்திரம் வைப்பது தென்னிந்தியாவின் ஒரு சிறு நாட்டில். 693இல் லுவோயாங்குக்கு வந்து வூவுக்காக ரத்னமேக சூத்திரத்தை மொழிபெயர்த்த போதிருசியும் தென்னிந்தியத் துறவிதான். இங்கே நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ரத்னமேகத்தின் முந்தைய மொழிபெயர்ப்பில் இல்லாத ஒரு பகுதி போதிருசியின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மகாசீனத்தில் ஒரு பெண் அரசாள்வாள் என்று சொல்லும் பகுதி அது. அதைச் செருகல் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன். நான் மாணவியிடம் சொன்ன 'பாதி உண்மை' இதுதான்.

செருகியது ஏன் என்று கேட்க வேண்டும். பெண்ணுக்கு ஐந்து தடைகள் உண்டு என்று பௌத்த நூல்கள் சொல்லிவந்தன. பெண் பிரம்மாவாக முடியாது, இந்திரனாக முடியாது, மாரனாக முடியாது, சக்கரவர்த்தியாக முடியாது, புத்தராக முடியாது. நான்காவது தடையைப் பாருங்கள். ஆண் பேரரசருக்குச் சூத்திரம் ஓர் அணிகலன். இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் ஆட்சிக்குக் குறைவில்லை. பெண்ணுக்கோ அது வாசல் காவலரிடம் காட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டை யாரும் தரமாட்டார்கள் என்றால் அவரே அச்சடித்துக்கொள்வார். அச்சடித்தது தவறு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன், அவளிடம் மட்டும் சீட்டு கேட்டது தவறு என்று சொல்லுங்கள்.

கன்பூசிய மரபு சீட்டே கிடையாது என்றது. பெட்டைக்கோழி கூவினால் வீடு கெடும் என்ற பழமொழி அவர்களுடைய தொல்நூலிலேயே இருக்கிறது. பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று நாமும் கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டு நிலத்திலும் சேவல்கள் ஒரே சங்கத்தில் இருந்திருக்கின்றன.

ஆனால் வூவின் மதச் செயல்களில் என்னை நிறுத்தி வைத்தவை இந்தச் சூத்திரங்கள் அல்ல. சடங்கு பற்றிய இரண்டு கோரிக்கைகள். இரண்டையும் அவர் பட்டத்தரசியாக இருந்தபோதே முன்வைத்தார்.

முதலாவது 666இல். தாய் மலையில் வானத்துக்கும் பூமிக்கும் பேரரசர் செய்யும் ஃபெங், ஷான் வேள்விகள் சீன அரச சடங்குகளில் மிக உயர்ந்தவை. ஷான் என்பது பூமிக்கானது. அதில் மறைந்த அரசிகளும் பூமித் தெய்வத்தோடு சேர்த்து வணங்கப்படுவார்கள். படையல் வைப்பதோ ஆண் அதிகாரிகள். வூ இதை எதிர்த்து விண்ணப்பித்தார். பெண்களுக்கான படையலைத் தொடர்பில்லாத ஆண்கள் ஏன் வைக்க வேண்டும்? விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இரண்டாம் படையலை வூவே வைத்தார். அரண்மனைப் பெண்கள் அவருடன் நின்றார்கள். உயர்குடி ஆண்கள் இதைப் பார்த்து ஏளனம் செய்ததாக வரலாறுகள் எழுதுகின்றன.

இரண்டாவது 674இல். அவர் கணவரிடம் அளித்த பன்னிரண்டு பரிந்துரைகளில் ஒன்று துக்கம் பற்றியது. சீனத்தில் துக்கம் என்பது மனம் மட்டும் சார்ந்ததல்ல, சட்டம். யாருக்கு எத்தனை காலம், எந்தத் துணி என்று எழுதி வைத்திருந்தார்கள். தந்தை இறந்தால் மூன்றாண்டு. தாய் இறக்கும்போது தந்தை உயிரோடிருந்தால் ஓராண்டு. ஒரு வீட்டில் இரண்டு தலை இருக்கக் கூடாது, தாய் தலை அல்ல என்பது அதன் தர்க்கம். தந்தை உயிரோடிருந்தாலும் தாய்க்கு மூன்றாண்டு துக்கம் காக்க வேண்டும் என்றார் வூ.

இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை. என் அம்மா இறந்தபோது, கடைசி ஆறு ஆண்டுகள் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய மூத்த மகள் நான். வெளியூரிலிருந்து தம்பி வந்து சேரும்வரை உடலை வைத்துக் காத்திருந்தார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுகொள்ள வேண்டும் என்றார்கள். நின்றேன். சடங்கில் இடம் கேட்பதைச் சில்லறை விஷயம் என்று நம் தோழிகள் சிலர் நினைக்கிறார்கள். சடங்கே வேண்டாம் என்பவர்களை மதிக்கிறேன். ஆனால் யார் துக்கம் கணக்கில் வரும், யார் துக்கம் கணக்கில் வராது என்று முடிவெடுக்கும் இடம் சில்லறை இடம் அல்ல.

சீன அறிஞர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. வூ இறந்தபின், 717இல், லு லியூபிங் என்ற அதிகாரி பழைய விதியையே மீட்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். தாய்க்கான துக்கத்தை நீட்டியதையும் வூ அரசைக் கைப்பற்றியதையும் ஒரே நூலில் கட்டினார். தாயைத் தந்தைக்கு இணையாக அழவிட்டால் நாளை அரியணை கேட்பாள் என்பது வாதம். பல ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. கடைசியில் 732இல் வந்த அரசின் சடங்குத் தொகுப்பில் மூன்றாண்டு என்ற வூவின் விதியே இடம்பெற்றது. அவருடைய வம்சம் பதினைந்து ஆண்டுகளில் அழிந்தது. அவர் மேலே தூக்கி வைத்த பௌத்தமும் 845இல் அடி வாங்கியது. தாய்க்கான துக்கம் மட்டும் நின்றது. ஏழு நூற்றாண்டு கழித்து, 1374இல், மிங் அரசு தாய்க்கும் தந்தைக்கும் துக்க ஆடையையும் ஒன்றாக்கியது.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். நமக்குள்ளும் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. மகளிர் தினச் சுவரொட்டியில் ஒட்ட ஒரு பேரரசி கிடைத்தால் போதும், மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம். வூ அந்தச் சுவரொட்டிக்கு ஏற்றவர் அல்ல. லாய் ஜுன்சென் போன்ற சித்திரவதையாளர்களை வைத்துக்கொண்டு அச்சத்தால் ஆண்டார். மக்கள் புகார்களை இடச் செம்புப் பெட்டிகள் வைத்தார். அவை காட்டிக்கொடுக்கும் பெட்டிகளாகவும் ஆயின. தாங் இளவரசர்களைக் குடும்பத்தோடு அழித்தார். தன் மகன் லீ சியான் தற்கொலைக்குத் தள்ளப்பட்டதற்கும் அவரே பொறுப்பு. முன்பு நான் சொன்னேனே, சுவான்ட்சொங்கின் இறந்த தாய் என்று, அந்தப் பெண்ணும் 693இல் வூவின் அரண்மனைக்குள் போய் உயிரோடு திரும்பாதவர். வூ அதிகாரத்துக்கு வந்ததால் மடத்துக்குப் போகும் வழக்கம் ஒழியவில்லை. உழவர் வீட்டுப் பெண்ணுக்கு நிலமோ தேர்வுக்கூடமோ திறக்கவில்லை.

கவிஞர் ஷாங்குவான் வானர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வூவின் அதிகாரத்தை எதிர்த்ததற்காக அவருடைய தாத்தா 664இல் கொல்லப்பட்டார். கைக்குழந்தை வானர் தாயோடு அரண்மனை அடிமையானார். படித்தார், எழுதினார். கடைசியில் அதே வூவின் அரச ஆணைகளை எழுதும் இடத்துக்கு வந்தார். தாத்தாவைக் கொன்ற கைக்கு எழுதுகோலாக இருந்தார். 710இல் அரண்மனைப் புரட்சியில் அவரையும் வெட்டினார்கள். தொகுக்கப்பட்ட அவருடைய படைப்புகள் தொலைந்து, முப்பதுக்குச் சற்று மேற்பட்ட கவிதைகளே மிஞ்சின. 2013இல் அவருடைய கல்லறையைக் கண்டெடுத்தபோது அதுவும் இடிக்கப்பட்டுக் கிடந்தது. ஒரு பெண் அரியணையில் இருந்ததால் இன்னொரு பெண்ணின் கையில் எழுதுகோல் வந்தது, அவளைக் குடும்பத்தோடு அடிமையாக்கியதும் அதே அதிகாரம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் நாமும் அவைப் புலவர்கள்தான்.

ஆனால் கொலைகளைக் கணக்கெடுப்பதென்றால் எல்லாருக்கும் எடுப்போம். தாய்ட்சொங் தன் அண்ணனையும் தம்பியையும் கொன்று, தந்தையை விலக்கி அரியணை ஏறியவர். அவர் லட்சிய அரசர். வூவைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்வது, போட்டி அரசியின் மேல் பழி போடத் தன் கைக்குழந்தையைத் தானே நெரித்தார் என்பது. அந்தக் குழந்தை இறந்தது 654இல் என்பது வழக்கு. 961இல் முடிந்த ஒரு தாங் தொகுப்பு, குழந்தை திடீரென இறந்தது, வூ அரசியைக் குற்றம் சாட்டினார் என்பதோடு நிற்கிறது. பழைய தாங் வரலாறு நிகழ்வாக அதை விவரிக்கவில்லை, ஆசிரியரின் முடிவுரையில் ஒரு வசையாக வீசுகிறது. போர்வை, விரல்கள், அரசர் வரும்போது சிரித்த முகம் என்று முழுக் காட்சியாக அது வளர்ந்து நிற்பது 1060இன் புதிய தாங் வரலாற்றில், நானூறு ஆண்டுகள் கழித்து. அந்த அறைக்குள் யார் இருந்து பார்த்தார்கள்? அவர் கொல்லவில்லை என்று நான் சாதிக்கவில்லை. சாட்சியில்லாத ஒரு காட்சி நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கூர்மையாவதை எந்த மாணவியும் சந்தேகிக்க வேண்டும் என்கிறேன்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. சீனத்தில் ஹுவாங்தி என்றால் பேரரசர், ஹுவாங்ஹோவ் என்றால் பேரரசரின் மனைவி. வூ 690இல் எடுத்துக்கொண்ட பட்டம் ஹுவாங்தி. வரலாறுகள் அவரைத் திரும்பவும் 'ஹோவ்' என்றே எழுதின. தமிழில் நாம் 'பேரரசி' என்றதும் மனைவியா, ஆண்டவரா என்பது தெரியாமல் போகிறது. அவர் தன் பெயருக்கென ஒரு புது எழுத்தையே உருவாக்கினார். வானத்துக்கு மேலே சூரியனும் சந்திரனும் சேர்ந்து நிற்கும் எழுத்து. நாம் இன்று சொல்லும் 'ட்செத்தியன்' என்பதோ, 705இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியபின் கொடுத்த பட்டத்திலிருந்து வந்தது.

அதே ஆண்டின் கடைசியில் அவர் இறந்தார். பேரரசர் பட்டம் நீக்கப்பட்டு, காவோட்சொங்கின் மனைவியாக, சியானுக்கு அருகே சியென்லிங்கில் கணவரோடு புதைக்கப்பட்டார். அங்கே ஏழு மீட்டருக்கும் உயரமான ஒரு கல் நிற்கிறது. எழுத்தில்லாத கல் என்றே அதற்குப் பெயர். ஏன் வெறுமையாக விட்டார்கள் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிற்காலத்தில் அங்கு வந்தவர்கள் அந்தக் கல்லில் தங்கள் எழுத்துகளைப் பொறித்துவிட்டுப் போனார்கள். இன்று அது வெறுமையான கல் அல்ல.

அந்த மாணவி இப்போது ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டுத் தலைப்பு கேட்டாள். துக்கச் சட்டங்களை எடு என்றேன். தாய்க்கு எத்தனை நாள், தந்தைக்கு எத்தனை நாள், யார் எழுதினார், யார் மாற்றினார் என்று நாடு நாடாகத் தேடு. "சாமியார்கள், சூத்திரம் எல்லாம் வேண்டாமா மேடம்?" என்றாள். அதையும் எழுது, ஆனால் ஒரு பெண் மதத்தைக் கருவியாக்கினாள் என்று எவராவது சொன்னால், அதற்கு முந்தைய நாள் வரை அந்தக் கருவி யார் கையில் இருந்தது என்று முதலில் கேள் என்றேன். ஒலிவாங்கியை அணைத்தாலும் கேள்.